பம்பின் நெற்றியில் குங்குமம்

சுவரில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பவானி அப்பாவுக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் நீங்கள் காதில் வாங்கமாட்டீர்கள்.

மூத்த பேரன் சர்வேஷ் இப்போது பத்து காஜா ஊரில் ஒரு மருந்துக் கடைக்கு முழுப் பொறுப்பு. வெள்ளைக் கோட்டு போட்டு, பெயர்ப் பட்டை குத்திக்கொண்டு நிற்கிறான். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையை அவன் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொன்னால்தான் நான் வாயில் போடுகிறேன். டாக்டரும் மனிதர்தானே?

சின்னவன் முகிலன் ஈட்டி எறிவதில் மாநில அளவில் இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்த பையனின் கால் கோட்டைத் தாண்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கொடி பிடித்தவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். சர்வேஷின் மகள், உங்கள் கொள்ளுப்பேத்தி, பாலர் பள்ளியில் வர்ணம் தீட்டி முதல் பரிசு வாங்கினாள். யானைக்குப் பச்சை அடித்திருந்தாள். அது வாழைத்தோப்பு யானையாம்.

தர்ஷினியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நம் பவானியின் மகள், நீங்கள் தோளில் வைத்துக்கொண்டு எஞ்சின் சத்தம் போட்டு வாசலைச் சுற்றி வருவீர்களே, அவள்தான். இயந்திரப் படிப்பு படித்து எஞ்சினியர் ஆகிவிட்டாள். திரங்கானு பக்கம், கரையே தெரியாத நடுக்கடலில், இரும்பு மேடை போட்டு எண்ணெய் எடுக்கிறார்கள். ஆரஞ்சு நிறச் சட்டை, தலையில் கவசம். அங்கே ஓடும் பம்புகளில் ஒன்று முக்கினாலும் முனகினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். உங்கள் வேலை, பவானி அப்பா. கொஞ்சம் பெரிய அளவில்.

உங்கள் நினைவு நாளுக்குப் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் நாளிதழில் ஒரு கட்டம் போடுவார்கள். அதே படம், அதே நான்கு வரி. அடையாள அட்டைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம். இந்த ஆண்டு நானே எழுதுகிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்னத்தை எழுதப் போகிறாள் என்பதுபோல பவானி பார்த்தாள். எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்கக் கூடாது. அச்சில் வந்ததும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

விஷயம் இதுதான். உங்கள் ஏறியிறங்கியை ஒரு பையன் மாற்றிவிட்டான் என்று நினைத்தேன்.

படிக்கிறவர்களுக்கு ஏறியிறங்கி என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செமோர் பக்கம் நம் தோட்டத்தில் நான் பால் மரம் வெட்டினேன், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை; நீங்கள் ரப்பர் ஆலையில் எஞ்சின் பார்த்தீர்கள். அந்த எஞ்சினுக்கு ஒரு சின்ன எண்ணெய் பம்பு. அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், ரோலர்கள் நிற்கும், நாங்கள் விடியலில் எடுத்து வந்த பால் தொட்டியிலேயே கெட்டுப்போகும்.

எஞ்சின் சுற்றும். பம்புக்கோ சுற்றுவது வேண்டாம், ஏறி இறங்க வேண்டும். ஒன்றை இன்னொன்றாக மாற்ற நடுவில் ஒரு சாமான். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது என்று தர்ஷினி சொன்னாள், என் நாக்கில் நிற்கவில்லை. உங்களுக்கும் எனக்கும் அது ஏறியிறங்கிதான்.

ஒரு வட்டத் தகடு. அதன் ஓரத்தில் ஒரு முளை. அந்த முளை, ஒரு இரும்புச் சட்டத்தில் குறுக்கே வெட்டிய பள்ளத்துக்குள் நிற்கும். தகடு சுற்றும்போது முளை பள்ளத்துக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். சட்டத்தால் அதோடு சேர்ந்து சுற்ற முடியாது, மேலும் கீழும் மட்டும் போகும். சட்டத்தின் நுனியில் உள்ள கம்பி பம்புக்குள் இறங்கி எண்ணெயைத் தள்ளும். இந்த விவரமெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். அன்றைக்கு நீங்கள் என் தையல் மிஷினைக் காட்டித்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? சக்கரம் சுற்றுது, ஊசி ஏறி இறங்குது, அவ்வளவுதான் என்றீர்கள். அன்றைக்குத் தைத்த ரவிக்கையின் கை கோணலாகப் போனது.

ஆலையில் இருந்தது உடைந்தபோது கப்பலில் வர வேண்டிய சாமான் வரவில்லை. நீங்கள் பழைய ரோலர் அச்சை அறுத்து, அரத்தால் ராவி ராவி ஒன்று செய்து மாட்டினீர்கள். எஞ்சின் ஓடியது. துரை வந்து பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி முந்திக்கொண்டு, ஈப்போவில் சொல்லி நான்தான் செய்ய வைத்தேன் என்றார். துரை கிராணிக்குக் கை கொடுத்தார்.

அந்த அளவுக்கு இங்கிலீஷ் உங்களுக்குப் புரியும். கையில் எண்ணெயோடு நின்றுகொண்டிருந்தீர்கள். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. அந்தத் தீபாவளிக்குக் கிராணி வீட்டிலிருந்து வந்த பிஸ்கட் டின்னைத் திறக்காமலே திருப்பி அனுப்பினீர்கள், பிள்ளைகள் அழுதார்கள். அந்த ஆள் ஏன் அப்படிச் சொன்னார்? கேட்டு வைத்திருக்கலாம் நீங்கள்.

தோட்டத்தை விற்று ஆலையை மூடியபோது ஏறியிறங்கி நம் வீட்டுக்கு வந்தது. எப்படி வந்தது என்று எழுதமாட்டேன், பேரப்பிள்ளைகள் படிப்பார்கள். சைக்கிள் கூடையில் மேலே மரவள்ளிக் கிழங்கு இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

சாமி மேடைக்குக் கீழே, சுவரை ஒட்டி வைத்தீர்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மறுநாள் காலையில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவீர்கள். எனக்குத் தொட அனுமதி இல்லை. பொட்டு வைக்கக்கூட விடமாட்டீர்கள்.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று என்னை உட்கார வைத்து என் நெற்றியைத் துடைத்தார்கள். யார் துடைத்தது என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு நானே ஏறியிறங்கியை எடுத்தேன். சந்தனத்தை உள்ளங்கையில் வாங்கி முன்னும் பின்னும் அப்பினேன், நல்லெண்ணெய் விட்டேன், குங்குமம் வைத்தேன். என்ன இருக்கிறது, எது எந்தப் பக்கம் என்று பார்க்கும் நிலையிலா இருந்தேன்? மறுநாள் துணியை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். கை வரவில்லை. என்னுடையதைத் துடைத்தார்கள், இதனுடையதை நான் துடைக்கமாட்டேன் என்று வைத்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு அதன் மேலேயே வைத்தேன். அதற்கடுத்த ஆண்டும். துடைக்கவே இல்லை.

இந்த ஆண்டு தர்ஷினி கடலிலிருந்து விடுப்பில் வந்தாள். சாமி மேடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பாட்டி, தாத்தா செஞ்சது ஓடி நான் பாத்ததே இல்ல. ஓட வச்சுப் பாக்கவா?”

“அது எங்க ஓடுறது? ஒரே கட்டியா இருக்கு.”

“ஓடும் பாட்டி. லகாட்ல நிரஞ்சன் பட்டறை இருக்கு. அவன்கிட்ட குடுத்தா ஒரு சின்ன மோட்டாரு, ஒரு சின்ன பம்பு வச்சு ஓட்டிக் காட்டுவான்.”

நிரஞ்சன் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் தானாகச் சொல்வார்கள். கூடப் படித்தவன், செம்பனை எண்ணெய் ஆலைகளின் பம்புகளைப் பழுதுபார்க்கிறான், நல்லவன், அவனைத்தான் கட்டிக்கொள்ள ஆசை என்று வரிசையாக வந்தது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். அதுதான் என் கழுத்தில் கல்லாக விழுந்தது.

“நீங்க சரின்னு சொன்னாதான் பாட்டி. நீங்க வேணாம்னா வேணாம்லா, அத்தோட விட்டுருவேன்.”

பவானிக்குச் சம்மதம். மருமகனுக்குச் சம்மதம். எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை இப்படித் தூக்கி என் மடியில் போடலாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். உயரம், கண்ணாடி, நகக்கண்ணில் கறுப்பு. நகக்கண் எனக்குப் பிடித்திருந்தது. என்னை அம்மம்மா என்று கூப்பிட்டான், அவர்கள் பக்கத்தில் அப்படித்தானாம். பூர்வீகம் யாழ்ப்பாணம். வடையில் பாதி சாப்பிட்டு மீதியை வைத்தான், அதைக் கவனித்தேன். பேச்சோடு பேச்சாகச் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னான்.

“எங்க தாத்தாவும் தோட்டத்துலதான் அம்மம்மா. கிராணியா இருந்தவரு.”

சொந்தம் சேர்க்கிறதாக நினைத்துத்தான் சொன்னான். எனக்கு நம் கிராணிதான் நினைவுக்கு வந்தார். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சுங்கை சிப்புட் பக்கம், செமோர் இல்லை என்றான். கேட்டதும் உடனே பதில் வந்ததே, முன்பே யோசித்து வைத்திருந்தானோ? கிராணி வீட்டுப் பிள்ளை ஏறியிறங்கியைத் தேடிக்கொண்டு நம் வீட்டுக்கு வருகிறான் என்றால், பவானி அப்பா, நீங்களே சொல்லுங்கள், என்ன நினைப்பீர்கள்?

கொடுக்கமாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தர்ஷினியின் முகத்தைப் பார்த்தேன். ஒரு புதுத் துண்டில் சுற்றி நானே அவன் கையில் கொடுத்தேன். பாரமா இருக்குதே என்றான். பாரமாகத்தான் இருக்கும், பத்திரம் என்றேன்.

சில வாரம் கழித்துத் தர்ஷினியே அதைக் கொண்டுவந்தாள். துண்டைப் பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை அதைத் தூக்குகிற கை இது. பாரம் இல்லை.

பிரித்தால் கறுப்பாக, பளபளவென்று ஒரு சாமான். சிவப்பு ஒரு துளிகூட இல்லை. நம்முடையது முழுக்கட்டி, இதில் குறுக்கே ஒரு பள்ளம். நம்முடையது அசையாது, இது விரலால் தொட்டதும் சுற்றுகிறது, சட்டம் ஏறுகிறது, இறங்குகிறது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் உளியால் வெட்டிய ஒரு அடையாளம். ஒரு சின்ன வட்டம், அதற்குக் கீழே சாய்ந்த ஒரு கோடு. இதற்கு முன் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

பட்டறைக்காரர்கள் தங்கள் சாமானில் அடையாளம் போடுவார்கள் இல்லையா? அதேதான் என்று முடிவு கட்டினேன். நம்முடையதை எடுத்துக்கொண்டு வேறு ஒன்றைச் செய்து, தன் முத்திரையையும் வெட்டிக் கொடுத்துவிட்டான். அன்றைக்கு வாயால் செய்ததை இன்றைக்கு உளியால் செய்கிறார்கள்.

தர்ஷினியிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நல்லா இருக்கு என்று சொல்லி மேடைக்குக் கீழே வைத்தேன். அவள் திரங்கானுவுக்குப் பஸ் ஏறிய பிறகு பவானிக்குப் போன் போட்டு, மாத்திட்டான் என்றேன்.

“யாரும்மா எதை மாத்துனா?”

“ஏறியிறங்கிய. இது வேற.”

“பழைய இரும்புமா அது. மாத்தி என்ன பண்ணப் போறான்? அவன் பட்டறையில இரும்புக்கா பஞ்சம்?”

அதைத்தான் நானும் யோசித்தேன். என்ன செய்யப் போகிறான்? மியூசியத்தில் வைப்பானோ? எங்கள் தாத்தா செய்ய வைத்தது என்று பேப்பரில் படம் போடுவானோ? இதையெல்லாம் பவானியிடமும் சொன்னேன். கடைசியில், அம்மா, உனக்கு இந்தப் பையன் வேணாம்னா நேரா சொல்லிரு, இரும்பு மேல பழி போடாத என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் உண்மை இருக்கிறதோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

அதனால் நேரில் போவது என்று முடிவு செய்தேன். சொல்லிவிட்டுப் போனால் மறைத்துவிடுவான். சர்வேஷைக் காரை எடுக்கச் சொல்லி, ஏறியிறங்கியைச் சந்தைப் பையில் போட்டு, மேலே கீரைக்கட்டு வைத்துக்கொண்டு லகாட்டுக்குப் போனேன். கீரை எதற்குப் பாட்டி என்று சர்வேஷ் கேட்டான். இந்தக் குடும்பத்தில் இந்தச் சாமானை அப்படித்தான் கொண்டுபோவது வழக்கம் என்றேன்.

பட்டறையில் எங்கு பார்த்தாலும் பிரித்துப் போட்ட பம்புகள். நிரஞ்சன் கடைசல் மிஷினில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தி, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. அலமாரி அலமாரியாகக் கண்ணை ஓட்டினேன். எங்கே மறைத்திருப்பான்?

“நான் குடுத்த சாமான் எங்க தம்பி?”

“தர்ஷினிகிட்ட குடுத்து விட்டேனே அம்மம்மா. வரலையா?”

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். “இது வந்துச்சு. இது எங்க வீட்டுது இல்ல.”

சர்வேஷ் தலையைக் குனிந்துகொண்டான். வேலைக்கு இருந்த இரண்டு பேரும் எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பையனின் காது சிவந்தது, நன்றாகப் பார்த்தேன். பொய் சொல்கிறவனுக்கும் சிவக்கும், அவமானப்பட்டவனுக்கும் சிவக்கும். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“இல்ல அம்மம்மா, இது அதுதான்” என்று மட்டும் சொன்னான்.

“எங்களுதுல பள்ளம் இல்ல. இப்படி ஆடாது. பின்னால இந்த முத்திரையும் இல்ல. யாரு முத்திரை இது, உன்னுதா?”

அவன் கையைத் துணியில் துடைத்தான், பிறகு குழாயில் கழுவினான், பிறகு மறுபடியும் துடைத்தான். பட்டறை மூலையில் ஒரு பிள்ளையார் படம், அதற்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்து வந்து என் முன்னால் வைத்துத் திறந்தான்.

உள்ளே வாழை இலை, வாடிக் காய்ந்து கிடந்தது. அதன் மேல் ஓடு ஓடாகச் சிவப்புத் துண்டுகள். தேங்காய்ச் சிரட்டை உடைந்த மாதிரி. உடைந்த விளிம்பில் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று மெல்லிய அடுக்குகள்.

“இது உங்க குங்குமம் அம்மம்மா. எண்ணெயும் சந்தனமும் காஞ்சு கல்லு மாதிரி ஆயிருச்சு, பள்ளத்த முழுசா அடைச்சிருச்சு. அதான் ஆடல. லேசா சூடு காட்டினேன், பெயர்ந்து வந்துச்சு. குப்பைல போட மனசு வரல. அம்மாகிட்ட கேட்டேன். காலு படக் கூடாது, ஆத்துல விடணும், ஆனா அவங்களக் கேக்காம விடாதன்னாங்க. எப்படிக் கேக்கிறதுன்னு தெரியாம வச்சிருந்தேன்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆனாலும், பவானி அப்பா, என்னை உங்களுக்குத் தெரியுமே. சந்தேகம் பாதிதான் போனது. குங்குமம் நம்முடையதுதான். குங்குமத்தைக் கொடுத்துவிட்டு இரும்பை வைத்துக்கொள்ள முடியாதா?

அதைக் கேட்கவும் கேட்டேன். சர்வேஷ், போதும் பாட்டி என்றான். அந்தப் பையன் கையைக் காட்டி அவனை நிறுத்தினான். ஏறியிறங்கியை என் முன்னால் நிமிர்த்தி வைத்து, டின்னை என் பக்கம் நகர்த்தினான்.

“நீங்களே வச்சுப் பாருங்க.”

ஒவ்வொரு ஓடாக எடுத்து வைத்தேன். முதல் துண்டு சட்டத்தின் தோளில் போய்ச் சட்டென்று உட்கார்ந்தது. வளைந்த துண்டு தகட்டின் ஓரத்தில் படிந்தது. நீளமாகத் திரண்ட ஒரு கட்டி, விரல் மாதிரி, பள்ளத்துக்குள் அப்படியே இறங்கியது. ரவிக்கைத் துணியை வெட்டி வைத்து மூட்டும்போது ஓரம் ஓரத்தோடு சேருமே, அப்படி. ஒரு துண்டும் தவறவில்லை.

கடைசியாகப் பின்பக்கத் துண்டு. கை அளவு பெரிசு. அதைத் திருப்பினேன். சந்தனத்தின் உட்பக்கம், முதல் ஆண்டு நான் உள்ளங்கையால் அப்பிய முதல் பூச்சு. அதில் அந்த அடையாளம் புடைத்து நின்றது. வட்டமும் கோடும்.

அப்படியென்றால், நான் சந்தனம் வைத்த முதல் நாளிலேயே அது இரும்பில் இருந்திருக்கிறது. இந்தப் பையன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பான். இந்த அச்சை யாராலும் பிறகு செய்ய முடியாது. என் கையே சாட்சி.

“தாத்தா வெட்டினதுதான்னு நெனச்சேன்” என்றான் அவன். “ஆனா என்னன்னு தெரியல. தர்ஷினிக்கும் தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. அந்தத் துண்டை அதன் இடத்தில் வைக்கலாம் என்று ஏறியிறங்கியைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தேன். அப்போதுதான் அது சரியான பக்கம் நின்றது. சாய்ந்த கோடு மேலே, வட்டம் கீழே.

பால் மரத்து வெட்டு. அதற்குக் கீழே மங்கு, பால் சொட்டுகிற கிண்ணம். விடியலில் எழுந்து நான் மரத்துக்கு மரம் போட்ட அதே சாய்வு, அதே பக்கம்.

கிராணி தன் பேரைச் சொல்லிக்கொண்டார், நீங்கள் பேசாமல் வந்துவிட்டீர்கள் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். நீங்கள் பேசாமல் வரவில்லை. உங்கள் பேரை வெட்டியிருக்கலாமே, என் வேலையை ஏன் வெட்டினீர்கள்? அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, என்னைத் தொடக்கூட விடாமல், அப்படி என்ன வெட்கம் உங்களுக்கு? ஒருநாள் காட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அழுதேனா என்று கேட்காதீர்கள். பட்டறையில் தூசி நிறைய.

அதன்பிறகு அவன் அதை ஓட்டிக் காட்டினான். ஓடுகளை எல்லாம் எடுத்து மறுபடி டின்னில் அடுக்கியது நான்தான், அவனை விடவில்லை. ஒரு பலகை, ஒரு சின்ன மோட்டார், கண்ணாடிக் குழாய் வைத்த ஒரு பம்பு. ஏறியிறங்கியை நடுவில் மாட்டி விசையைத் தட்டினான். தகடு சுற்றியது. முளை பள்ளத்துக்குள் ஓடியது. சட்டம் ஏறியது, இறங்கியது. கண்ணாடிக் குழாயில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, விளிம்பில் ஒரு துளியாகத் தொங்கி, சொட்டியது. மங்கில் சொட்டுகிற மாதிரியே. நீங்கள் செய்தது ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆலைக்குள் எங்களை எங்கே விட்டார்கள்?

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் மெதுவாகக் கேட்டான்.

“ஆயுத பூஜைக்கு மறுபடி வைப்பீங்களா அம்மம்மா?”

“வைக்காம?”

“வைங்க, வைங்க. பள்ளத்துல மட்டும் வேணாம். கொஞ்சம் ஓரமா வச்சுக்கலாமா?”

சர்வேஷ் சிரித்துவிட்டான். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். உடனே இறங்கிப்போனதாக அவன் நினைத்துவிடக் கூடாது. தே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான், சர்க்கரை கம்மி. பால்கட்டியில் செய்த கேக் ஒன்று கொடுத்தான். உன் தாத்தா நிஜமாகவே சுங்கை சிப்புட் பக்கம்தானா என்று கிளம்பும்போது இன்னொருமுறை கேட்டேன். ஆமா அம்மம்மா, ஏன் கேட்டுக்கிட்டே இருக்கீங்க என்றான். கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

நம்பலாமா, பவானி அப்பா? விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். செமோர் கிராணிக்குச் சொந்தமாக இருந்தாலும் இருக்கலாம். ஆனால் ஒன்று. அந்த ஆள் தான் செய்யாததைத் தனதென்று சொன்னார். இந்தப் பையன், யாரையும் கேட்காமல் கீழே கொட்டியிருக்கக் கூடிய குங்குமத்தைக்கூடத் தனதாக நினைக்கவில்லை, எனக்காக எடுத்து வைத்திருந்தான். இரண்டு பேரும் ஒரே வீடாகவே இருக்கட்டும், அது இனி என் கவலை இல்லை. வடையை ஏன் பாதியில் வைத்தான் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். அவனுக்குப் பெருஞ்சீரகம் ஆகாது.

அந்த ஓடுகளை ஆற்றில் விட்டேன். பவானியும் வந்தாள். ஒன்றை மட்டும் விடவில்லை, அந்தப் பின்பக்கத் துண்டை. அது உங்கள் படத்துக்குக் கீழே இருக்கிறது. தூசி தட்டுகிறேன் என்று யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரியே.

இனி தர்ஷினிக்கு. கடல் மேல் இருந்து இதைப் போனில் படிப்பாய் என்று தெரியும். ஏறியிறங்கி நிரஞ்சன் பட்டறையில்தான் இருக்கிறது, உன் அடுத்த விடுப்பு வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று நான்தான் விட்டு வந்தேன். நான் அப்படி ஒருவரிடம் ஒன்றை விட்டு வந்தேன் என்றால் என்ன அர்த்தம் என்று உன் அம்மாவைக் கேள், சொல்வாள்.

நீ வந்ததும் பம்பை ஓட விட்டு, அதன் ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அந்தப் பிள்ளை நின்று புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்பு. போனில் அனுப்பாதே, போனில் வரும் படத்தை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். காகிதத்தில் கழுவி, உறையில் போட்டு, தபால் தலை ஒட்டி அனுப்பு. பின்பக்கத்து வெட்டும் மங்கும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல். அவன் கண்ணாடியைக் கழற்றட்டும், முகம் நன்றாகத் தெரிய வேண்டும். தாத்தாவுக்குக் காட்ட வேண்டாமா?

பவானி அப்பா, அந்தப் படம் வந்ததும் உங்கள் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவேன், மூச்சை விட்டுவிட்டு நிதானமாகப் பாருங்கள். ஆயுத பூஜைக்கு வெட்டுக்கும் மங்குக்கும் நடுவில் ஒரே ஒரு பொட்டு வைப்பேன். மறுநாள் காலையில் மண்ணெண்ணெய்த் துணியால் நானே துடைப்பேன், எண்ணெய் விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். அடுத்த ஆண்டு மறுபடி வைப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் பால் மரக்காரி,
பவானி அம்மா